பட்டாவும் கணிப்பொறியும்

நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றிய தொடக்க காலத்தில், ஒவ்வொரு வட்ட அலுவலகமும் தன் பதிவுகளைத் தன்னிடமிருந்த இயந்திரத்திலேயே வைத்திருந்தது. 2008-இல் மத்திய அரசு நில ஆவணங்களை நவீனப்படுத்தும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் நம் மாநிலத்தில் 'தமிழ்நிலம்' என்னும் மென்பொருள் வந்தது; வட்டங்களின் பதிவுகள் ஒரே இணைய அமைப்பிற்குள் சேர்ந்தன. பதிவுத் துறையோடும் அது இணைக்கப்பட்டுள்ளமையால், உட்பிரிவு தேவைப்படாத நிலத்திற்குக் கிரயப் பத்திரம் பதிவானதும், தனி மனு இன்றியே பட்டா மாறுதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது.

எனினும் ஒன்றைக் குடியானவர்கள் மறத்தலாகாது. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கையால் எழுதப்பட்ட பெயரும் பரப்பும்தாம் பெரும்பாலும் இன்று திரையில் தோன்றுகின்றன. அன்று பிழையாக எழுதப்பட்ட தகப்பனார் பெயரைப் புதிய இயந்திரம் தானே திருத்திவிடாது. விற்பவர் பெயர் பத்திரத்தில் ஒருவாறும் பட்டாவில் வேறுவாறும் இருப்பின், பட்டா மாறுதல் தடைப்படும். ஆதலின் நிலத்தை விற்கவோ பாகம் பிரிக்கவோ எண்ணுமுன்னரே, பொதுச் சேவை மையத்தில் பட்டா நகலைப் பெற்று மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுக்கொள்க.

பரப்பைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஹெக்டேர், ஏர் என்னும் தலைப்பின்கீழ் 0-40.50 என்றிருப்பின் அது நாற்பது சென்ட் அன்று. நாற்பதரை ஏர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். (இதையறியாமல் பங்காளிகள் மனத்தாங்கல் கொள்வதும் உண்டு!)

பிழை காணின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்; ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். எழுதப் படிக்க அறியாதவர்க்கு மனு எழுதித் தரும் பொறுப்பை ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பார்களாக.