நம் கைப்பேசியும் சாட்சி சொல்லும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

மறுமையில் நம் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்பதை யாஸீன் அத்தியாயத்தின் 65ஆவது வசனத்தில் ஓதி வருகிறோம். இம்மையிலோ, கையில் இருக்கும் செல்போனே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் காலம் வந்துவிட்டது. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி என நம் வட்டாரத்தில் வளைகுடாவில் உழைக்கும் கணவரோடும் மகனோடும் வீட்டை இணைப்பது இந்த போன்தான். பணம் அனுப்பிய விவரம், கொடுக்கல் வாங்கல் பேச்சு, விசா ஏஜென்டின் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

வழக்கு என்று வந்தால் இதிலிருந்து ஆதாரத்தை எப்படி எடுக்கிறார்கள்?

கைப்பற்றிய போனை முதலில் நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பார்கள். இல்லையென்றால் வெளியிலிருந்தே ஒருவர் அதிலுள்ளதை அழித்துவிட முடியும். பிறகு தடயவியல் கருவி மூலம் அதிலுள்ள தகவல்களை நகல் எடுத்து, அந்த நகலில்தான் ஆய்வு செய்ய வேண்டும். நாம் ஒரு மெசேஜை அழித்தாலும், அந்த இடத்தில் புதிய தகவல் பதியும்வரை அது உள்ளே தங்கியிருக்கலாம். ஆனால் இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டிய நிலையில் சேமிக்கப்படுவதால், அழித்த எல்லாமே திரும்பக் கிடைத்துவிடாது.

நகல் எடுத்ததும் ‘ஹாஷ் மதிப்பு’ என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். இது அந்தத் தகவலின் கைரேகை போன்றது. பின்னர் ஒரு எழுத்தை மாற்றினாலும் இந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துடன் தரும் சான்றிதழில் இந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். நிபுணரின் கையொப்பமும் வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று, 84ஆவது வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியில் ஊடுருவி ஆவணங்களை வெளியிலிருந்து திணித்திருக்கிறார்கள் என்று, அவர் தரப்புக்காக ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. இந்நிறுவனத்தின் அறிக்கைகளைப் புலனாய்வுத் தரப்பு ஏற்கவில்லை. ஆனால் நமக்கான பாடம் தெளிவு: ஒரு கோப்பு கருவியில் இருப்பது மட்டும் போதாது, அது எப்படி உள்ளே வந்தது என்பதும் விசாரிக்கப்பட வேண்டும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தின் கட்டளையும் இதுவே.

கருவிகளைக் கைப்பற்றுவதில் தனியுரிமையைக் காக்கும் நெறிமுறைகள் தேவை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒன்றிய அரசிடம் வலியுறுத்தியது.

நாம் செய்ய வேண்டியவை:

• பண மோசடி நடந்தால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்க பணம் கை மாறிவிடும்.

• பயத்திலோ வெட்கத்திலோ சாட்டை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் முதலில் செய்வது இதைத்தான். அவர்களைத் திட்டாமல், போனை அப்படியே வைக்கச் சொல்லுங்கள்.

• ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும், அந்த மெசேஜ் வந்த போனைப் பத்திரமாக வையுங்கள்.

• வழக்குக்குத் தேவைப்படும் எனத் தெரிந்தே ஆதாரத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம்.

• போலீசார் போனைக் கைப்பற்றினால் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஐஎம்இஐ எண் அதில் உள்ளதா எனப் பாருங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவாகப் பதிய வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் வழக்கறிஞரிடம் ஆலோசியுங்கள்.

சாட்சியத்தை மறைப்பதை நம் மார்க்கம் பாவம் என்கிறது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவம் என்கிறது. கைப்பேசிச் சாட்சியத்துக்கும் இதுவே அளவுகோல். உண்மையைப் பாதுகாப்போம், அநீதிக்கு ஆளாகாமலும் நம்மைக் காத்துக்கொள்வோம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!