மூணு நாள் ரெக்கார்டிங், ஏழு வருஷக் காத்திருப்பு: ‘டைகர்மில்க்’ ஆல்பத்தின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு ஆல்பம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெல் அண்ட் செபாஸ்டியன் பேண்டோட முதல் ஆல்பம், ‘டைகர்மில்க்’. 1996 ஜூன் மாசம் கிளாஸ்கோவுல வெளியாச்சு. மொத்தம் 10 பாட்டு. ரெக்கார்டிங் மூணே நாள். அச்சடிச்சது 1000 காப்பி. அதுவும் எல்லாரும் சிடி வாங்கிட்டு இருந்த காலத்துல, வினைல்ல மட்டும்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் அந்த மூணு நாள்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் உலகத்துக்கு ரொம்பப் பிடிச்ச மாதிரிக் கதை அது. வீக்எண்ட்ல உட்கார்ந்தான், கோட் அடிச்சான், எங்கேயோ போயிட்டான்! ஆனா அந்த மூணு நாளுக்குப் பின்னாடி சுமார் ஏழு வருஷம் இருக்கு. இன்னைக்கு பேசப் போறது அதைப் பத்தித்தான்.

அந்த ஏழு வருஷம்

பாட்டு எழுதிப் பாடுறவர் ஸ்டூவர்ட் மர்டாக். 80-களோட கடைசில, கிளாஸ்கோ யுனிவர்சிட்டில படிச்சிட்டு இருந்தப்போ அவருக்கு எம்.இ. வந்தது. நாள்பட்ட சோர்வு நோய்னும் சொல்வாங்க. பேரைக் கேட்டா சாதாரண அசதி மாதிரி தோணும். அது இல்ல. தூங்கி எழுந்தாலும் சோர்வு தீராது. கொஞ்சம் கூடுதலா நடந்தாலோ படிச்சாலோ அடுத்த சில நாள் படுக்கையை விட்டு எழ முடியாம போகலாம். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 20 சதவீதத்தைத் தாண்டாத ஒரு போனை நினைச்சுக்கோங்க. படிப்பு நின்னது. வேலை கிடையாது. அந்த வருஷங்கள்லதான் அவர் பாட்டு எழுத ஆரம்பிச்சார்.

உடனே “நோய்தான் அவரைக் கலைஞன் ஆக்குச்சு”ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நோய் யாருக்கும் பாட்டு எழுதிக் கொடுக்காது. மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச தெம்பை அவர் எதுல போட்டார்ங்கிறதுதான் விஷயம். இன்னைக்கு ஒரு இன்டர்வியூல அவர் ரெஸ்யூமைப் பார்த்தா முதல் கேள்வி என்னவா இருக்கும்? “இந்த கேப் ஏன்?” இந்த ஆல்பத்துல இருக்கிற பல பாட்டோட விதை அந்த கேப்லதான் விழுந்தது.

ரெண்டு கதவு

சரி, பாட்டு இருக்கு. பேண்ட் இல்ல, காசும் இல்ல. 90-களோட நடுவுல உடம்பு கொஞ்சம் தேறினதும் பீட்பாக்ஸ்ங்கிற ஒரு பயிற்சித் திட்டத்துல சேர்ந்தார். வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்காக அரசு ஆதரவோட நடந்த திட்டம். அது ஒண்ணும் பிரமாதமான வகுப்பு இல்ல. அங்கே இருந்த ஸ்டூவர்ட் டேவிட், பின்னாடி எழுதின நினைவுக் குறிப்புல அங்கே நடந்த குளறுபடிகளைச் சொல்லியிருக்கார். ஆனா மர்டாக்கும் டேவிட்டும் சந்திச்சது அங்கேதான். டேவிட் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். ரெண்டு பேரும் சேர்ந்து டெமோ போட்டாங்க.

ரெண்டாவது கதவு ஸ்டோ காலேஜ். அங்கே ஒரு மியூசிக் பிசினஸ் கோர்ஸ் இருந்தது. அதை நடத்தினவர் ஆலன் ராங்கின், முன்னாடி ‘தி அசோசியேட்ஸ்’ பேண்ட்ல இருந்தவர். மாணவர்களுக்குன்னே எலக்ட்ரிக் ஹனின்னு ஒரு லேபிள். ஒரு பேண்டைத் தேர்ந்தெடுக்கணும், ரெக்கார்ட் பண்ணணும், அச்சடிக்கணும், விக்கணும். அதுதான் ப்ராஜெக்ட். வழக்கமா ஒரு சிங்கிளோட முடிஞ்சிடும். மர்டாக்கிட்ட ஆல்பத்துக்கே தேவையான பாட்டு கையில இருந்ததால, அந்த வருஷம் ஆல்பமே போட்டுட்டாங்க. டிரம்ஸ் வாசிச்ச ரிச்சர்ட் கோல்பர்னும் அந்தக் கோர்ஸ்ல படிச்சவர்தான்.

அதாவது 1000 காப்பிங்கிறது மார்க்கெட்டிங் தந்திரம் இல்ல. ஒரு காலேஜ் ப்ராஜெக்டோட அளவு அது.

எப்படிக் கேட்கலாம்?

முதல் பாட்டு ‘தி ஸ்டேட் ஐ ஆம் இன்’ல இருந்தே வரிசையா கேளுங்க. ஒரு மெல்லிய குரல், ஒரு கிட்டார். பக்கத்து ரூம்ல யாரோ தனக்குத்தானே பாடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும். மத்த வாத்தியங்கள் அவசரப்படாம ஒண்ணொண்ணா வந்து சேரும். ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ல பள்ளிக்கூடத்துல மத்தவங்க சீண்டுற ஒரு பொண்ணு, அவளுக்காகவே வர்ற மாதிரி ஒரு டிரம்பெட். நடுவுல ‘எலக்ட்ரானிக் ரெனைசன்ஸ்’ மட்டும் முழுக்க சிந்தசைசர், வேற ஆல்பத்துல இருந்து வழி தவறி வந்த மாதிரி இருக்கும். பயந்து நிறுத்திடாதீங்க.

எனக்கு முக்கியமானது ‘ஐ குட் பி ட்ரீமிங்’. அதோட கடைசில இசபெல் கேம்பெல் ‘ரிப் வான் விங்கிள்’ கதையில இருந்து ஒரு பகுதியை வாசிப்பாங்க. மலைமேல தூங்கிப் போய், 20 வருஷம் கழிச்சு எழுந்து, தன் ஊரையே அடையாளம் தெரியாம நிக்கிற ஆளோட கதை. மர்டாக்கோட ஏழு வருஷம் தெரிஞ்ச பிறகு அந்த இடத்தைக் கேளுங்க. வேற மாதிரி இருக்கும்.

அப்புறம்?

அதே 1996 நவம்பர்ல, ஜீப்ஸ்டர் லேபிள்ல ரெண்டாவது ஆல்பமும் வந்துடுச்சு. பேண்டுக்குப் பேர் பரவப் பரவ, முதல் ஆல்பத்தைத் தேட ஆரம்பிச்சாங்க. வினைல் கிடைக்காதவங்க கேசட்ல காப்பி போட்டுக் கைமாத்தினாங்க. ஒரிஜினல் விலை நூத்துக்கணக்கான பவுண்டுக்கு ஏறுச்சு. 1999-ல பிரிட் விருதுகள்ல சிறந்த புதுமுகம்னு ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தப்போ, ‘புதுமுகத்துக்கு’ ஏற்கெனவே மூணு ஆல்பம் இருந்தது! அந்த வருஷம்தான் ‘டைகர்மில்க்’ மறுபடி வெளியாகி எல்லாருக்கும் கிடைச்சது. எலக்ட்ரிக் ஹனில பின்னாடி ஸ்னோ பேட்ரோல், பிஃபி கிளைரோ பேண்டுகளோட ஆரம்ப கால ரெக்கார்டுகளும் வந்தது.

திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவாங்கன்னு சொல்றவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க. திறமை ஏழு வருஷமா ஒரு வீட்டுக்குள்ளதான் இருந்தது. அதை வெளியே கொண்டு வந்தது சுமாரா நடந்த ஒரு அரசுத் திட்டமும், மாணவர்களை நம்பி ஒரு லேபிளையே கொடுத்த ஒரு காலேஜும். ரெண்டுல எதுவும் “சிறந்த ஆளா?”ன்னு கேட்டுட்டு கதவைத் திறக்கல. ரெஸ்யூம்ல கேப் இருக்கிற ஒரு ஃப்ரெண்ட் உங்களுக்கு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. கூடவே ஆல்பத்தையும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.