தேக்கில் பசை ஏன் பிடிப்பதில்லை?

ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போட்ட கதவுச் சட்டத்தில் நல்ல தேக்குத் துண்டு கிடைக்கலாம். அதைப் பட்டைகளாக அறுத்து, அடுக்கி ஒட்டி, ஆர்.பி.டி. செயல்திட்டத்துக்கு ஒரு முக்காலி செய்ய நினைக்கிறீர்கள். ஹார்ட்வேர் கடையில் வெள்ளைப் பசை வாங்கி, கிளேம்ப் போட்டு இறுக்கி, ஓரிரவு விட்டால் மறுநாள் கல்லாக இருக்கும். மழைக்காலம் ஒன்று கடந்ததும் ஒட்டிய கோடு வாய் பிளக்கிறது. உட்கார்ந்தவர் விழுந்தால் அடி. விழாவிட்டாலும் திரும்பக் கிடைக்காத மரம் வீண்.

உடனே பசையைத் திட்டுவோம். ஆனால் அதே வகைப் பசைதான் ரப்பர் மரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய மரங்கள், பால் வற்றியதும் ஒரு காலத்தில் விறகாகத்தான் போயின. இன்று அவை மேசை, நாற்காலிகளாக ஏற்றுமதியாகின்றன. கடையில் விற்கும் ரப்பர் மரப் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். சிறு கட்டைகளை விரல் கோத்தாற்போல் இணைத்து ஒட்டியிருப்பார்கள்.

தேக்கின் சிக்கல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. கறையானை அண்டவிடாத டெக்டோகுவினோன் என்ற பொருளோடு, மெழுகுத் தன்மையும் ரப்பர் போன்ற ஒரு பொருளும் அதில் உண்டு. ஆம், தேக்குக்குள்ளும் கொஞ்சம் ரப்பர்! தண்ணீரைத் தள்ளுவதால்தான் தேக்கு கப்பல் தளத்துக்கு ஏற்ற மரமாயிற்று. வெள்ளைப் பசையோ தண்ணீரில் கலந்த பாலிவினைல் அசிடேட். தண்ணீரைத் தள்ளும் மரம் அதையும் தள்ளுகிறது. நம் நாட்டுக் கெருயிங் மரமும் இப்படித்தான். அதிலிருந்து வடியும் எண்ணெயைப் படகின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள்.

பசை மரத்தைப் பற்ற வேண்டுமானால் முதலில் பரப்பை நனைத்துப் பரவ வேண்டும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பல மாதம் கிடந்த தேக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கும். அதே இடத்தை இழைப்புளியால் சீவிவிட்டு அல்லது முரட்டு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடியும் விடுங்கள். சொட்டு தட்டையாகப் பரவுவதைக் காணலாம். சொட்டின் விளிம்பு பரப்போடு ஏற்படுத்தும் இந்தக் கோணத்தை வேதியியலில் தொடுகோணம் என்பார்கள். நேரம் போகப் போக உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசிந்து கோணத்தை மீண்டும் பெரிதாக்கிவிடும். எனவே காலையில் இழைத்ததை அடுத்த வாரம் ஒட்டக்கூடாது. இழைத்த கையோடு ஒட்டவேண்டும். சிலர் அசிட்டோனால் துடைப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும், காற்றோட்டம் தேவை. துடைத்துவிட்டுக் காத்திருந்தால் கீழிருந்து எண்ணெய் திரும்ப வரும்.

இனி பசைக்கு வருவோம். வீட்டுக்குள் ஈரம் படாமல் இருக்கும் சின்னப் பெட்டிக்கு, புதிதாக இழைத்த தேக்கில் நல்ல வெள்ளைப் பசையே போதும் என்பேன். போத்தலில் டி1 முதல் டி4 வரை ஐரோப்பியத் தரக்குறி இருந்தால் பாருங்கள். எண் கூடக் கூட ஈரம் தாங்கும். வெளியில் வைக்கும் பொருளுக்கு எப்போக்சி நல்லது. அதில் தண்ணீர் இல்லை, சிறு இடைவெளியையும் நிரப்பும். ஆனால் மற்றப் பசைகளுக்குச் செய்வதுபோல் முழுப் பலத்தோடு இறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. வெயிலில் சூடேறும்போது சில எப்போக்சி இளகவும் செய்யும். படகு, பாலம், பெரிய உத்தரம் போன்றவற்றுக்கு ரிசோர்சினால் பசை பெயர்பெற்றது. கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும், இடைவெளியைப் பொறுக்காது, பலமான அழுத்தம் கேட்கும். நுரைத்துப் பொங்கும் பாலியுரிதேன் பசையை நம்பி இடைவெளி விடாதீர்கள். அந்த நுரைக்குப் பலமில்லை.

திரெங்கானு டூயோங் தீவின் படகுத் தச்சர்கள் வேறு வழி கண்டார்கள். செங்கால் பலகைகளை மர ஆணிகளால் கோத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்தார்கள். பசையே இல்லை. பட்டை ஈரத்தில் உப்பி இடுக்கை மூடிவிடும்.

இந்தத் துறையில் ஆர்வம் வந்தால், குளுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மரம், காகிதம், பூச்சு சார்ந்த தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் வேதியியலை விட்டுவிடாதீர்கள்.

அதற்கு முன், இரண்டு கழிவுத் துண்டுகளை ஒட்டி, பசை முழுதும் இறுகியபின் சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். பிறகு உளியை ஒட்டில் வைத்துப் பிளந்து பாருங்கள். மரநார் கிழிந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது. கோடு வழவழவென்று பளபளத்தால், அந்தப் பழைய கதவுச் சட்டத்தை இன்னும் அறுக்க வேண்டாம்.