பிளாஸ்டிக் தார்ச்சாலை: கலப்பதிலும் ஒரு பதம் உண்டு

"பிளாஸ்டிக் ரோடுன்னு பெருமையாச் சொல்றாங்களே, அதிலேயும் பள்ளம் விழுதே சார்!" நான் பிளாஸ்டிக் தொழிலில் இருந்தவன் என்பதால் பெங்களூர் நண்பர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வரி கட்டுகிறவர்களும் நாம், பிள்ளைகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்களும் நாம். வடிகால் சரியில்லாத சாலையை எந்தக் கலவையும் காப்பாற்றாது என்பது தனிக்கதை. கலவையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்த முயற்சியில் மதுரைக்கும் பெங்களூருக்கும் சமபங்கு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் (2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர்) ஒரு முறையைக் கண்டார். இங்கே பிளாஸ்டிக் பை தயாரித்து வந்த அகமது கான், ரசூல் கான் சகோதரர்கள் கழிவுப் பைகளைப் பொடியாக்கி 'பாலிபிளெண்ட்' என்று பெயரிட்டார்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜஸ்டோவும் வீரராகவனும் 2002-இல் ஆய்ந்து, பிட்டுமன் எடையில் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்ப்பது பயன் தரும் என்றார்கள். (நாம் தார் என்று சொல்வது பெட்ரோலிய பிட்டுமன். உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வருவது.)

சரி, சேர்ப்பது எப்படி? பாலித்தீன் பிட்டுமனில் எளிதில் கரையாது. சூடான பிட்டுமனில் போட்டு வேகமாகக் கலக்கினால் நுண்துளிகளாகப் பரவும். கலக்குவதை நிறுத்தினால், மோர் கடைந்த பானையில் வெண்ணெய் திரள்வதுபோல் மேலே வந்துவிடும். பாலித்தீன் பிட்டுமனைவிட லேசானது அல்லவா? ஆகவே இந்த 'ஈர முறை'க்கு நல்ல இயந்திரமும் ஓயாத கலக்கலும் வேண்டும்.

மதுரை முறை வேறு. முதலில் ஜல்லியை 160, 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவுகிறார்கள். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். கடலை உருண்டைக்குப் பாகு பிடிப்பதுபோல் அது கல்லின்மேல் மெல்லியதாகப் பூசிக்கொள்ளும். அதற்குப் பிறகே பிட்டுமன். பெங்களூர்ப் பக்கத்துக் கருங்கல்லுக்கு எண்ணெயைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுறவு அதிகம். மழைநீர் உள்ளே புகுந்தால் பிட்டுமனைக் கழற்றிவிடும். இந்தப் பூச்சு அதற்குத் தடை போடுகிறது.

இங்கேதான் பதம் வருகிறது. கல் சூடு போதாமலோ ஈரமாகவோ இருந்தால் பிளாஸ்டிக் உருகாமல் துணுக்காகவே நிற்கும். அது ஒட்டாத இடம், அங்கேதான் விரிசல் தொடங்கும். சூடு மிஞ்சினால் பிட்டுமன் காற்றோடு சேர்ந்து முறுகி, பூச்சே நொறுங்கும் தன்மை பெறும். குளிர்பானப் பாட்டில்கள் அந்தச் சூட்டில் உருகவே உருகாது. அவற்றுக்கு 250 டிகிரி வேண்டும். பி.வி.சி. கலந்துவிட்டால் நச்சு வாயு வரும். ஆகவே குப்பையைத் தரம் பிரிப்பதும் வேலையில் பாதி.

குடம், வாளி வார்க்கும் பட்டறைகளில் நான் பார்த்ததும் இதுதான். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் கலந்த பழைய சரக்கு, அரைகுறையாக உருகினால் குடம் கீழே விழுந்ததும் தையல் விட்ட மாதிரிப் பிளக்கும். அதே மூட்டை, நல்ல சூட்டில் நன்றாகப் பிசைந்து வந்தால் பலவருஷம் தாங்கும்.

ஆலையில் எல்லாம் சரியாக இருந்தாலும் லாரிப் பயணம் இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் கலவை ஆறிப்போனால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் உள்ளே காற்றிடைவெளி நிற்கும். சாதாரணத் தார்க் கலவையையே 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் உருட்டி முடிக்க வேண்டும். ஆய்வகத்தில் 60 டிகிரி தண்ணீரில் ஊறவைத்து அழுத்தும் மார்ஷல் சோதனையில் அருமையாகத் தேறிய கலவைகூட, தெருவில் ஆறிப்போனால் தோற்றுவிடும்.

2013-இல் இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. நம் தெருவில் சாலை போடும்போது, "பிளாஸ்டிக் எவ்வளவு?" என்பதோடு, "கலவை எத்தனை டிகிரியில் வந்தது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள். கன்னடத்தில் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.