உங்களுக்குத் தெரியுமா? ஆளுக்கொரு சுபாவம், ஆளுக்கொரு உந்துதல்

● 1948இல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து, "இதுதான் உன் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் விஷயத்தை உடைத்தார்: எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகள் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. கைபேசியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, "அப்படியே என்னைச் சொல்லுது" என்று வியக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

● அகமுகி, புறமுகி என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். அதற்கான நூல் 1921இல் வந்தது. முழு அகமுகி என்றோ முழுப் புறமுகி என்றோ யாரும் கிடையாது என்று சொன்னவரும் அவரேதான்.

● மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் புகழ்பெற்ற மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை உருவாக்கியவர்கள் ஒரு தாயும் மகளும். இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் இசபெல் துப்பறியும் நாவல் எழுதியவர். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது என்பது இந்தத் தேர்வின் பெரிய குறை. நண்பர்களோடு பேச்சைத் தொடங்க உதவும். பிள்ளைக்கு எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்ய உதவாது.

● சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிவிட்டது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் மாரியப்பனுக்குப் பிடித்தது வாலிபால். இந்தப் பையன் நன்றாக எம்புகிறானே என்று கவனித்து, உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பிவிட்டவர் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். டோக்கியோ போட்டியின்போது மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோய்த் தாண்டவே சிரமமாக இருந்தது என்று பின்னர் சொன்னார். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசை போட்டு இறங்குமுகம் என்பவர்கள், பாரிஸுக்குச் சில மாதம் முன்பு ஜப்பானின் கோபேயில் 1.88 தாண்டி அவர் உலக சாம்பியன் ஆனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கம் கிடைத்தபின் எட்டு வருடம் அதே கம்பியை நோக்கி ஓடுகிறவரைப் பரிசு மட்டுமா ஓட வைக்கும்?

● பரிசே ஆர்வத்தைக் கெடுப்பதும் உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். குழந்தைகள் வரைந்து, வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜைமேல் வைத்தபோது, அந்தக் குழந்தைகள் வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை.

● இதை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். மார்க்குக்காகவே வெளி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்ட ஊர்கள் இவை. பிளஸ் டூவிலும் பத்தாம் வகுப்பிலும் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. ரேங்க் போனாலும், "எத்தனை?" என்ற கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தக் கேள்வியோடு, "எந்தப் பாடம் படிக்கும்போது நேரம் போனதே தெரியலை?" என்பதையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லும் பதிலில்தான் அடுத்த பத்து வருடம் அதை நடத்தப்போகும் ஆர்வம் இருக்கிறது.

● என்னியகிராம் என்ற ஒன்பது வகைப் பிரிவு, ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட ஏன் செய்கிறார் என்பதைப் பார்க்கிறது. அதற்கு அறிவியல் சான்று வலுவாக இல்லை. கேள்வி மட்டும் நல்ல கேள்வி. நள்ளிரவு வரை விழித்துக் கணக்குப் போடும் இரண்டு பேரில் ஒருவனுக்கு அப்பாவிடம் பயம், இன்னொருவனுக்குக் கணக்கின் மேல் பிரியம். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

● மனிதனுக்குள் ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மவர் இருக்கிறார் என்ற உணர்வு. மூன்றையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் சேலத்துக்குப் பக்கத்தில் சின்னப்பம்பட்டிக்கு வாருங்கள். அப்பா தறித் தொழிலாளி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறி விற்றவர். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த தங்கராசு நடராஜனின் பந்துவீச்சு முறை, 2015இல் ரஞ்சிக்கு வந்ததுமே சந்தேகத்துக்கு உள்ளானது. அவர் ஆட்டத்தை விடவில்லை, வீசும் முறையைத் திருத்திக்கொண்டார். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். ஐபிஎல் சட்டையில் அவர் போட்டுக்கொண்ட பெயர் 'ஜேபி நட்டு'. ஜேபி என்பது அவரைக் கைதூக்கிவிட்ட வழிகாட்டியின் பெயர்ச் சுருக்கம். பிறகு தன் ஊரிலேயே பிள்ளைகளுக்கு மைதானம் அமைத்தார்.

● மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை. அவரோ ஓவியத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்து நாமக்கல் கவிஞர் ஆனார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று அவர் பெயரில் நிற்கிறது.

● திருக்குறளில் ஆளின் குணமறிந்து வேலை கொடுப்பதற்கு 51, 52ஆம் அதிகாரங்கள். ஊக்கத்துக்குத் தனியே 60ஆம் அதிகாரம். சுபாவம் வேறு, உந்துதல் வேறு என்பது நமக்குப் புதிதல்ல.

● "பிறவிக் குணத்தை மாத்த முடியாது" என்பது பாதிதான் சரி. குணத்தை மாற்றிக்கொள்ள விரும்பிய கல்லூரி மாணவர்களை 15 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. வாரம்தோறும் சின்னச் சின்னப் பணிகளை ஏற்று, அவற்றைச் செய்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்குப் பலன் இல்லை. உங்களுக்குக் கூச்சம் குறைய வேண்டுமா? "தைரியமாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள். "சனிக்கிழமை உழவர் சந்தைக்குப் போனதும், இதுவரை பேசாத ஒரு கடைக்காரரிடம் எந்த ஊர்த் தக்காளி என்று கேட்பேன்" என்று நாளும் இடமும் போட்டு எழுதுங்கள். எழுதியதை இந்தச் சனிக்கிழமையே செய்துவிடுங்கள்.