ஒட்டு வில்லுக்கு நடு மரம் எது?

வில் என்றதும் ஒரே கிளையைச் செதுக்கி வளைத்து நாண் பூட்டிய ஆயுதம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், வாசகர்களே, மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் ஒட்டு வில்லும் உண்டு. 1950-களிலிருந்து அதன் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் கண்ணாடி இழைத் தகடு வந்துவிட்டது. நடுவில் இருப்பது மரம். அந்த நடு மரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"இருப்பதிலேயே கெட்டியான மரத்தைப் போடு" என்பார்கள் பலர். அங்கேதான் கணக்குத் தவறுகிறது.

உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளையுங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, ஓரம் படிக்கட்டுப்போல் நிற்கும். இப்போது நிமிர்த்தி, அந்த ஓரத்தைக் கிளிப்புகளால் இறுக்கிவிட்டு மறுபடி வளையுங்கள். புத்தகம் முரண்டு பிடிக்கும்! வில்லை இழுக்கும்போது வெளிப்புறத் தகடு நீள்கிறது. உட்புறத் தகடு நெருக்குண்கிறது. நடு மரத்துக்கு இந்த இரண்டு வேலையும் குறைவு. இரண்டு தகடுகளையும் சறுக்கவிடாமல், விலகவிடாமல் பிடித்து வைப்பதே அதன் கடமை. அது பிளந்தால் முழுதும் இழுத்த நிலையில், எய்பவர் முகத்தருகே வில் வெடிக்கும்.

கனமும் வேண்டாம். நாணை விட்டதும் வில்லின் கைகள் முன்னே பாய்கின்றன. கைகள் கனத்தால், அம்புக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கை அவையே விழுங்கிவிடும்.

ஆகவேதான் மேல்நாட்டு வில் தொழிலாளர்கள் மேப்பிள் மரத்தை நாடினார்கள். இழை நெருக்கம், ஒரே சீர், பசையும் நன்றாகப் பிடிக்கும். மூங்கில் அதைவிட இலேசு. தேக்கு? அலமாரிக்கு ராஜா, ஆனால் எண்ணெய்ப் பசை மிகுந்த மரமாதலால் ஒட்டுவது கடினம்.

ஜப்பானியர் கண்ணாடி இழை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதைக் கண்டுகொண்டவர்கள். 'யூமி' என்னும் அவர்களது வில் ஏறத்தாழ 221 சென்டிமீட்டர் உயரம். பிடிக்கும் இடம் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். முன்னும் பின்னும் மூங்கில் பட்டை. நடுவிலோ சில மூங்கில் பிளாச்சுகளை நிறுத்தி அடுக்கி, இரு பக்கமும் 'ஹஸே' மரத்தை வைத்து ஒட்டுவார்கள். ஹஸே நம் மாமரத்தின் குடும்பம். அதன் காயிலிருந்து மெழுகுவர்த்திக்கு மெழுகு எடுப்பதுண்டு. நடுப் பிளாச்சுகளை நெருப்பில் வாட்டிக் கருக்குவதும் உண்டு. ஈரம் வெளியேறி அவை விறைப்பாகும். பழைய முறையில் மான் தோலைக் காய்ச்சிய பசைதான். மியாஸாகி மாநிலத்து மியாகோனோஜோ நகரம் இவ்வில்லுக்குப் பேர்போனது.

ஈரம் என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. ஒட்டும் மரத்தில் ஈரம் 8 முதல் 10 விழுக்காடு இருந்தால் நல்லது. நம் காற்றில் நிழலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பலகையிலும் ஏறத்தாழ 15 விழுக்காடு இருக்கும். உலர்த்தாமல் ஒட்டுவது வீண் வேலை.

முடிச்சுள்ள பலகையைத் தொடவே வேண்டாம். இழை நேராக ஓடுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், வழவழப்பாக இழைத்த பக்கத்தில் பேனா மை ஒரு துளி விடுங்கள். மை இழையின் போக்கிலேயே ஊறி ஓடும். பலகையின் நீளவாக்கில் ஓடினால் வில்லுக்கு ஆகும். ஓரத்தை நோக்கிச் சாய்ந்து ஓடினால், அதில் பிள்ளைகளுக்கு நல்லதொரு அடிக்கோல் செய்து கொடுங்கள்.