நத்தாரும் உயிர்த்த ஞாயிறும்: கிறித்தவ வழிபாட்டின் மையம் பற்றிய ஒரு நோக்கு

கிறித்தவ சமயத்தின் ஆண்டு வட்டத்தில் நத்தார், உயிர்த்த ஞாயிறு ஆகிய இரண்டும் தலையாய பெருவிழாக்களாகும். இவற்றுள் எதற்குக் கூடிய அழுத்தம் கொடுத்தல் வேண்டும் என்னும் வினா திருச்சபைகளுக்குள்ளே காலத்துக்குக் காலம் எழுந்துள்ளது. இதனை வழிபாட்டு ஒழுங்கு பற்றிய உள்வீட்டு விவகாரமெனச் சமயஞ்சாராதோர் ஒதுக்கிவிடுதல் கூடும். எனினும், ஒரு சமுதாயம் தனது தோற்றுவாயை எந்நிகழ்ச்சியிற் காண்கின்றது என்பது அதிகாரம், துன்பம், நீதி ஆகியன பற்றி அது கொண்டுள்ள நோக்கினையும் புலப்படுத்துவதாகும். ஆதலின் இவ்வினாவை வரலாற்றடிப்படையில் ஆராய்தல் பயனுடைத்து.

கிறித்தவ இலக்கியங்களுள் காலத்தால் முந்தியவை பவுல் எழுதிய நிருபங்களாகும். கி.பி. 50ஆம் ஆண்டையடுத்து எழுந்த அவற்றில் இயேசுவின் மரணமும் உயிர்ப்புமே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. பிறப்பைப் பற்றியோ, தாவீதின் வழித்தோன்றல், ஒரு பெண்ணிடத்துப் பிறந்தவர் என்பவற்றுக்கு மேலாக விவரம் எதுவும் இல்லை. நற்செய்தி நூல்களுள் முந்தியதெனப் பெரும்பாலான அறிஞர் கொள்ளும் மாற்கு, வளர்ந்த மனிதராகிய இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெறுவதுடன் தொடங்குகின்றது. அதன் 16 அதிகாரங்களுள் இறுதி 6 அதிகாரங்களும் எருசலேமில் நிகழ்ந்த கடைசி நாட்களைப் பற்றியன. பிறப்புக் கதையைக் கூறுவோர் மத்தேயுவும் லூக்காவுமே. சிலுவை மரணத்தையும் வெறுமையான கல்லறையையும் பற்றி நால்வரும் கூறுகின்றனர்.

வழிபாட்டு வரலாறும் இதற்கு இயைந்ததாகவே உள்ளது. வாரந்தோறும் ஞாயிறன்று கூடி வழிபடும் வழக்கம் உயிர்ப்பின் நினைவாகவே விளக்கப்பட்டு வந்தது. ஆண்டுக்கொருமுறை கொண்டாடப்படும் பாஸ்கா விழாவும் 2ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தது. யூதரின் பாஸ்கா நாளிலேயே அதனைக் கொண்டாடிய சின்ன ஆசியத் திருச்சபைகளுக்கும், அடுத்துவரும் ஞாயிறிற் கொண்டாடிய றோமத் திருச்சபைக்குமிடையே அந்நூற்றாண்டிற் பெரும் விவாதம் நிகழ்ந்தது. 325இல் கூடிய நிக்கேயா சங்கம், அனைவரும் ஒரே ஞாயிறில் அவ்விழாவைக் கொண்டாட வேண்டுமெனத் தீர்மானித்தது. ஆனால் பிறந்தநாள் பற்றி அத்தகைய விவாதம் எழுந்ததாகத் தெரியவில்லை. 3ஆம் நூற்றாண்டினரான ஓரிஜென், திருநூலிற் பிறந்தநாள் கொண்டாடியோர் பார்வோன், ஏரோது போன்ற தீயோரே எனச் சுட்டி, அவ்வழக்கத்தைக் கடிந்துரைத்தமை ஈண்டு நோக்கற்பாலது.

டிசெம்பர் 25 பற்றிய தெளிவான சான்று, 354ஆம் ஆண்டுக்குரிய றோமப் பஞ்சாங்கத் தொகுப்பொன்றிற் கிடைக்கின்றது. அதிலுள்ள குறிப்பு 336ஆம் ஆண்டளவிலான வழக்கைக் காட்டுவதாக ஆய்வாளர் கொள்வர். 386இல் அந்தியோக்கியாவில் உரையாற்றிய யோவான் கிறிசோஸ்தம், அந்நாளின் கொண்டாட்டம் தமது நகரில் அறிமுகமாகிப் பத்தாண்டுகூட நிறையவில்லையென்று குறிப்பிடுகின்றார். இந்நாள் தெரிவுசெய்யப்பட்டமைக்கு இரு விளக்கங்கள் உள. ஒன்று, 274இல் அவுரேலியன் என்னும் பேரரசன் நிலைநிறுத்திய ஞாயிற்றுக் கடவுள் வழிபாட்டுக்கு மாற்றாக இது எழுந்தது என்பது. மற்றையது, இயேசு இறந்த நாளெனக் கணிக்கப்பட்ட மார்ச் 25ஐயே அவர் கருவிலுற்ற நாளாகவும் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணிப் பெற்றனர் என்பது. இவற்றுள் எதுவும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை. எனினும் இரண்டாவது விளக்கம் பொருந்துமாயின், பிறந்தநாளே இறந்த நாளிலிருந்து கணித்துப் பெறப்பட்டதாகும்.

பின்வந்த நத்தார் முன்னைய விழாவை மக்கள் வழக்கில் விஞ்சியது எங்ஙனம்? இதற்குச் சமயக் காரணங்களுடன் சமூக, பொருளியற் காரணங்களும் உள. 1223இல் அசீசி நகர்ப் பிரான்சிசு கிரேச்சியோவில் மாட்டுத்தொழுவக் காட்சியை அமைத்தபோது, இறைவனின் வறுமையை ஏழை மக்கள் கண்ணாரக் காணும் வாய்ப்பேற்பட்டது. ஆனால் இவ்வளர்ச்சி தடையின்றி நிகழவில்லை. 1647இல் இங்கிலாந்தின் தூய்மைவாதப் பாராளுமன்றம் நத்தாரையும் உயிர்த்த ஞாயிறையும் ஒருங்கே விலக்கியது. 1659இல் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் நத்தார் கொண்டாடுவோர்க்கு 5 சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தில் நத்தார் பொது விடுமுறையானது 1958இலேயே.

இன்று நாம் காணும் நத்தார் பெருமளவுக்கு 19ஆம் நூற்றாண்டின் ஆக்கமாகும். சாள்ஸ் டிக்கன்ஸின் புகழ்பெற்ற நத்தார்க் கதையும், வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதலாவது நத்தார் வாழ்த்து அட்டையும் 1843ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வெளிவந்தன. கைத்தொழிற் சமுதாயத்தின் நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்குக் குழந்தையை மையமாகக் கொண்ட விழா பெரிதும் உவப்பாயிருந்தது. மாறாத ஒரு திகதியும் பரிசளிக்கும் வழக்கமும் வணிகருக்கு உவப்பாயின. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்குமிடையே ஆண்டுதோறும் மாறிவரும் உயிர்ப்பு விழாவும் முட்டை, இனிப்பு முதலிய வணிகத்துக்கு இடந்தந்ததேயாயினும், மரணதண்டனையொன்றை உள்ளடக்கிய அவ்விழாவைச் சந்தை முழுமையாக வயப்படுத்த இயலவில்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு நத்தாரைப் பொருளற்றதென ஒதுக்குதல் தவறாகும். இறைவன் மனித உடலெடுத்தான் என்னும் கோட்பாடு இன்றிச் சிலுவைக்குப் பொருளில்லை என்பது நத்தாரை வலியுறுத்துவோரின் வாதம். அது வலுவுடைய வாதமே. மேலும், மத்தேயுவும் லூக்காவும் கூறும் கதைகள் வாழ்த்து அட்டைகள் காட்டும் இனிய காட்சிகளுமல்ல. பேரரசின் குடிக்கணக்கு, இடமற்ற தாய், ஏரோதின் குழந்தைக் கொலை, எகிப்துக்கு ஏதிலிகளாக ஓடிய குடும்பம் என்பன அவற்றில் உள. வலியோர் ஆசனங்களிலிருந்து வீழ்த்தப்படுவர் என்னும் மரியாளின் பாடலும் அங்கேயே இடம்பெறுகின்றது. சிலுவையை அறிந்தவர்கள் அதன் ஒளியில் எழுதிய பிறப்புக் கதைகள் இவை. ஏரோதை நீக்கிவிட்டுத் தொழுவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்போதே நத்தார் தனது பொருளை இழக்கின்றது.

உயிர்ப்பு விழாவும் திரிபுக்கு அப்பாற்பட்டதன்று. சிலுவை கொன்ஸ்தந்தீன் காலந்தொட்டுப் படைகளின் சின்னமாயிற்று. உயிர்ப்பு வெற்றியாளரின் பெருமிதமாகவும், இவ்வுலக அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் மறுவுலக ஆறுதலாகவும் போதிக்கப்பட்டதுண்டு. உயிர்த்தவர் யார் என்பதை மறந்தமையின் விளைவே இது. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனையால் றோம ஆளுநரின் ஆணைப்படி கொல்லப்பட்டவர் அவர். ஆகவே உயிர்ப்பு பற்றிய அறிக்கை, அரசு வழங்கிய தீர்ப்பு இறுதியானதன்று என்னும் அறிக்கையுமாகும். 1971இல் குஸ்தாவோ குத்தியெறெஸ் எழுதிய விடுதலை இறையியல் நூலும், 1972இல் யூர்கன் மோல்ற்மன் சிலுவையிலறையப்பட்ட இறைவன் பற்றி எழுதிய நூலும் இந்நோக்கிற்கு வலுவூட்டின. ஏழைகளின் பக்கம் நின்று பேசிய பேராயர் ஒஸ்கார் றொமேரோ, 1980 மார்ச் 24இல் எல் சல்வடோரில் திருப்பலி நிறைவேற்றுகையிற் கொல்லப்பட்டார்.

இலங்கைத் தமிழ்க் கிறித்தவ மரபு இவ்வினாவுக்கு வேறொரு பரிமாணத்தைச் சேர்க்கின்றது. நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேய மொழிவழி வந்தது. ஆயின் கத்தோலிக்கக் கிராமங்களில் உள்ளத்தை ஆழமாகத் தொட்டவை தவக்கால வழிபாடுகளே. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் ஆக்கிய வியாகுலப் பிரசங்கம், தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்துள்ளது. திருப்பாடுகளின் நாடகங்களும் இம்மரபின் வளர்ச்சியே. இங்கு மக்கள் மனத்தில் முதலிடம் பெற்றது நத்தாருமன்று, உயிர்த்த ஞாயிறுமன்று. பெரிய வெள்ளியே எனலாம். ஒப்பாரி மரபில் ஊறிய சமுதாயம் தன் துயரை அதிற் கண்டுகொண்டது.

அண்மைக்கால வரலாறு இரு விழாக்களையும் குருதியால் நனைத்துள்ளது. 2005இல் மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நத்தார்த் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுடன், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஆண்டுக்கணக்காகத் தெருவோரத்தில் அமர்ந்திருந்து பதில் கேட்டமையையும் எண்ணுதல் வேண்டும். அரசு கொன்றவரின் உடலைத் தேடி விடியற்காலையிற் கல்லறைக்குச் சென்ற பெண்களிடமிருந்தே உயிர்ப்புச் செய்தி தொடங்குகின்றது. அப்பெண்களின் சொல்லைச் சீடர் முதலில் நம்பவில்லையென்றும் லூக்கா கூறுகின்றார். இந்நாட்டில் உயிர்த்த ஞாயிறைக் கொண்டாடுவோர் இப்பகுதியைக் கடந்துசெல்ல இயலாது.

எனவே, நூற்சான்றும் வழிபாட்டு வரலாறும் உயிர்த்த ஞாயிறுக்கே முதன்மை அளிக்கின்றன. கீழைத் திருச்சபைகள் அதனைப் பன்னிரு பெருவிழாக்களுள் ஒன்றாக எண்ணாது அவற்றுக்கு மேலாக வைத்துப் போற்றுவதும் இதனாலேயே. நத்தாரைக் குறைத்தல் இதற்கு வேண்டப்படுவதன்று. அதனைச் சிலுவையின் ஒளியில் வாசித்தலே வேண்டப்படுவது. கொல்லப்பட்டவர் பொருட்டு நீதி கேட்பது தன் வழிபாட்டின் ஒரு கூறெனத் திருச்சபை உணருமாயின், எவ்விழாவைப் பெரிதாகக் கொண்டாடுவது என்னும் வினாவுக்கு அதன் வாழ்க்கையே விடையளிக்கும்.